கூடுதல் நேரம் வேலை செய்தால் பெனிபிட் நின்றுவிடுமா?

கேள்வி: லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஏழு வயதும் நான்கு வயதும். பல வருடமாக முழுநேர வேலையில் இருந்த என் கணவருக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நான் ஒரு கடையில் வாரம் 13 மணி நேரம் வேலை செய்கிறேன். மாதம் 700 பவுண்ட் அளவில் வரும். முதலாளி கூடுதல் நேரம் தரத் தயார். ஆனால் 16 மணி நேரத்தைத் தொட்டால் பெனிபிட் (அரசாங்க உதவிப் பணம்) மொத்தமும் நின்றுவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கூடுதல் நேரத்தை எடுங்கள். உங்களைத் தடுப்பவர்கள் பொய் சொல்லவில்லை, பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இன்கம் சப்போர்ட் என்ற உதவி இருந்த காலத்தில் 16 மணி நேரம் வேலை செய்தால் அந்த உதவி அப்படியே நின்றுவிடும். 2012-ஆம் ஆண்டின் சட்டம் அது உட்பட ஆறு உதவிகளை ஒன்றாக்கி யூனிவர்சல் கிரெடிட்டைக் கொண்டுவந்தது. இதில் மணிக் கணக்கு இல்லை, சம்பளக் கணக்குதான்.

2025-26 நிதியாண்டின் தொகைகளை வைத்துப் பார்ப்போம். பிள்ளைகள் உள்ள, வாடகைக்கும் உதவி பெறும் குடும்பத்தின் சம்பளத்தில் மாதம் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவியிலிருந்து குறையும். 700 பவுண்ட் சம்பளத்துக்கு வெட்டு ஏறக்குறைய 159 பவுண்ட். சம்பளம் 300 பவுண்ட் கூடினால் 165 போகும், 135 மிஞ்சும். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உயர்ந்தபின் ஒரு பவுண்டில் மிஞ்சுவது 32 பென்ஸ்தான். உழைப்புக்கு இது போதுமா என்று கேட்டால், எனக்கும் போதாது என்றுதான் படுகிறது. ஆனால் நட்டம் இல்லை.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய சமாச்சாரம் பெனிபிட் கேப். வேலையில்லாத குடும்பங்களையும் மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பங்களையும் குறிவைத்து 2013-இல் வந்த உச்சவரம்பு இது. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்ட், அதாவது மாதம் 2,110. பிள்ளைகளுக்காகத் தனியாக வரும் சைல்ட் பெனிபிட்டும் இதற்குள் அடக்கம். ஆனால் கணவன் மனைவி சம்பளம் இரண்டையும் கூட்டி, 2025-26 கணக்குப்படி, மாதம் 846 பவுண்ட் கையில் வந்தால் இந்த வரம்பு உங்களுக்குக் கிடையாது. அந்த 846 எங்கிருந்து வந்தது தெரியுமா? குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் 16 மணி நேரம்! எல்லாரும் பயப்படும் அதே எண்தான்.

வாடகைக்கு 1,400 பவுண்ட் உதவி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 பவுண்ட் சம்பளத்தில் உங்களுக்கு வரவேண்டிய யூனிவர்சல் கிரெடிட் சுமார் 2,455. உச்சவரம்பு வந்து விழுந்தால், அதில் சைல்ட் பெனிபிட் போக, 1,923தான் கிடைக்கும். சம்பளம் 846 ஆனால் வரம்பு நீங்கி 2,374 வரும். சம்பளத்தில் 146 கூட, உதவியிலும் 450 பவுண்ட் கூடுகிறது. உங்களுக்கு வெறும் மூன்று மணி நேர வித்தியாசம்.

இன்னொரு நல்ல சேதி. கடந்த 12 மாதமும், ஒவ்வொரு மாதமும், உங்கள் இருவர் சம்பளமும் அந்த அளவுக்கு மேல் இருந்திருந்தால், கணவருடைய வேலை முடிந்த நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்கு உச்சவரம்பைப் போடமாட்டார்கள். அவர் முழுநேர வேலையில் இருந்தவர் என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் இது பொருந்தும். எனவே நாளைக்கே ஓடவேண்டியதில்லை. அந்த ஒன்பது மாதத்துக்குள் 846-ஐத் தாண்டிவிடுங்கள். அதற்குள் கணவருக்கு வேலை கிடைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம், விண்ணப்பிக்கும் நாள். கணவரின் கடைசிச் சம்பளம் கைக்கு வந்தபின் விண்ணப்பியுங்கள். முந்திக்கொண்டால் அது முதல் மாத வருமானமாகக் கணக்கில் ஏறி, முதல் தொகையைத் தின்றுவிடும். அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம், ஏனென்றால் முதல் பணம் வரவே ஐந்து வாரம் ஆகும். இடையில் முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், மாதாமாதம் பிடிப்பார்கள்.

வேலையிலிருந்து நிறுத்தியதற்கு நட்டஈடாகப் பெரிய தொகை வருகிறதா? சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் போனால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. அப்படியானால் கணவர், வேலை தேடுவோருக்கான உதவியான நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் கேட்கட்டும். தேசிய காப்புறுதிச் சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஆறு மாதம் வரை கிடைக்கும், சேமிப்பைப் பார்ப்பதில்லை.

கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வீட்டு வரி) குறைப்பு யூனிவர்சல் கிரெடிட்டோடு தானாக வராது. அதற்கு உங்கள் கவுன்சிலில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நிறையப் பேர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.