காசநோய் குறைகிறது என்கிறார்களே, எங்கள் வீட்டில் பரிசோதனை தேவையா?

கேள்வி: என் அண்ணனுக்கு நுரையீரல் காசநோய் என்று சென்ற வாரம் தெரிந்தது; அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் காசநோய் குறைந்திருக்கிறது என்று ஒரு செய்தி சொல்கிறது. நோயாளிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று இன்னொரு செய்தி. எதை நம்புவது? அம்மா, மனைவி, நான்கு வயது மகள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். யாருக்கும் இருமல் இல்லை. பரிசோதனை அவசியமா?

பதில்: அவசியம். இந்த வாரமே போய்விடுங்கள்.

நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் சரிதான். ஓராண்டில் லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வந்திருக்கும் என்பது ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 2015இல் 237 ஆக இருந்த இந்த விகிதம் 2024இல் 187 ஆக இறங்கியது. கண்டறியப்பட்டுப் பதிவேட்டில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொரு கணக்கு. 2024இல் இது சுமார் 26 லட்சம். முன்பெல்லாம் தனியார் மருத்துவரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் அரசின் கணக்கில் வரவே மாட்டார்கள். 2012இல்தான் தனியார் மருத்துவர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. பதிவு கூடியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

பதிவு குறைந்தால்தான் நான் பயப்படுவேன். 2019இல் சுமார் 24 லட்சமாக இருந்த பதிவு, 2020இல் 18 லட்சத்துக்குச் சரிந்தது. நோய் ஒன்றும் ஓடிவிடவில்லை. ஊரடங்கில் பஸ் இல்லை. பரிசோதனைக் கருவிகளும் ஊழியர்களும் கொரோனாப் பணிக்குப் போய்விட்டார்கள். இருமியவர்கள் வெளியே வர அஞ்சினார்கள். அந்த ஆறு லட்சம் பேரில் எத்தனையோ பேர் மருந்தில்லாமல் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

விகிதம் இறங்குவது நல்லதுதான். ஆனால் 2015இல் இருந்ததை 2025க்குள் பாதியாக்குவது உலக இலக்காக இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் நாம் குறைத்திருப்பது ஐந்தில் ஒரு பங்குதான். அதோடு, லட்சத்தில் 187 என்பது நாட்டின் சராசரி. நோயாளியோடு ஒரே அறையில் உறங்குபவர்களுக்கு அந்த எண் பொருந்தாது.

இருமல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல், மார்பு எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டார்கள். அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். ஆகவே பெரியவர்கள் எல்லோரும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

சளி கேட்டால் ஒழுங்காகக் கொடுங்கள். ஆய்வகத்துக்கு வரும் டப்பாக்கள் பலவற்றில் நுரைத்த எச்சில்தான் இருக்கும். அதில் கிருமி தெரியாது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து, அடிநெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, சற்று மஞ்சளாக வருவதுதான் வேண்டும். திறந்தவெளியில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.

மகள்தான் என் முதல் கவலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் முற்றினால் மூளை வரை பாயலாம். அவளுக்கு நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். உங்கள் மூவருக்கும் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அண்ணனின் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டாம். நோய் காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சில வாரங்கள் அவர் முகக்கவசம் அணிந்து தனியே உறங்கட்டும், அது போதும். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் சேர்ந்தவர்களைப் போலவே குணமானார்கள், அதனால் வீட்டாருக்கு ஆபத்தும் கூடவில்லை என்று உலகுக்கே காட்டியது 1950களில் நம் சென்னையில் நடந்த ஆய்வு.

சாப்பாட்டில் சிக்கனம் வேண்டாம். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். அண்ணனின் வங்கிக் கணக்கைப் பதிவு செய்தார்களா என்று விசாரியுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது அவருடைய சிகிச்சை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு வந்த கிருமி எந்த மருந்துக்காவது அடங்காததா என்பதைப் பார்த்துத்தான் உங்களுக்கான தடுப்பு மருந்தை முடிவு செய்வார்கள்.