லண்டன் வீட்டில் குளிர்காலம் வந்தால் ஜன்னல் வேர்த்து, ஓரமெல்லாம் கருப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. எப்படிப் போக்குவது?

"வெளியே எப்போதும் தூறல், ஈரம் உள்ளே வராமல் எல்லா ஜன்னலையும் இறுக மூடியே வைத்திருக்கிறோம்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட் ஹாமில் முதல் இரண்டு குளிர்காலமும் நான் செய்ததும் அதுதான். மூடி வைத்ததால்தான் தண்ணீர் வழிகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்களுடையது பழைய செங்கல் வீட்டின் கீழ்த்தளம். சின்ன அறையில் மகளின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஒரு நாள் போர்வை மாற்றும்போது பார்த்தால், திரைச்சீலையின் அடி ஓரம் முழுக்க மிளகுப்பொடி தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். திரையை விலக்கினேன். ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையில், ரப்பர் ஓரத்தில், சுவர் மடங்கும் இடத்தில் என்று எல்லாம் அதே. அவளுக்கு இருமலும் விட்டபாடில்லை. பூஞ்சணத்துக்கென்று கடையில் விற்கும் ஸ்ப்ரேயை அடித்துத் துடைத்தேன். பத்து நாள் பளிச்சென்று இருந்தது, அப்புறம் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வழியைக் காட்டியது ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கும். வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள். காலை 6 மணிக்கு மகள் அறையில் 19 டிகிரி, ஈரப்பதம் 76 சதவீதம். அது 40க்கும் 60க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த தண்ணீர்ச் சொம்பு வெளிப்பக்கம் வேர்க்கிறதே, ஜன்னலில் நடப்பதும் அதேதான். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம்தான் தாங்கும். அறைக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும், தாங்க முடியாத மிச்சம் தண்ணீராக வழிகிறது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் (அதாவது தாங்கக்கூடியதில் 60 சதவீத நீராவி) என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வேர்க்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் குளிர்கால இரவில் அதற்கும் கீழே போய்விடும். இரட்டைக் கண்ணாடியானாலும் சட்டத்தின் மூலைகள் குளிர்ந்துதான் இருக்கும். அதனால்தான் பூஞ்சணம் முதலில் மூலையைப் பிடிக்கிறது.

இனி அந்த மழை விஷயம். நம் ஊரில் ஐப்பசி மழையின்போது ஜன்னலைச் சாத்துவது சரியான பழக்கம். 26 டிகிரியில் அடிக்கும் அந்த ஈரக்காற்று கனமீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவியைச் சுமந்து வருகிறது. லண்டன் ஜனவரியில் 5 டிகிரியில் மழை பெய்துகொண்டிருந்தாலும், வெளிக்காற்றில் 7 கிராம்கூட இருக்காது. அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதாவது, மழையிலும் ஜன்னலைத் திறந்தால் வீடு காயும். இதை நம்ப எனக்கே கஷ்டமாக இருந்தது. திறந்துவைத்து மீட்டரைப் பார்த்தேன், கால் மணி நேரத்தில் 76லிருந்து 58க்கு வந்தது.

கண்ணாடியில் வழியும் தண்ணீர் நம் வீட்டுக்குள்ளேயே உண்டாவது. ஒரு தடவை துவைத்த துணி காயும்போது சுமார் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. நாங்கள் வாரத்தில் மூன்று நாள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் துணி போட்டுக்கொண்டிருந்தோம். இட்லி ஆவி, சாதம் வடிப்பது, கொதிக்கும் ரசம் எல்லாம் இதில் சேரும். கேஸ் அடுப்பு எரிவதே நீராவியை உண்டாக்கும். தூங்குகிறவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு சுமார் 40 கிராம் வெளியேறுகிறது. கதவை அடைத்து மூன்று பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் விடிவதற்குள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

நாங்கள் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். எழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறக்கிறோம். சுவரும் சாமான்களும் சூட்டை வைத்திருப்பதால் மூடியதும் அறை சீக்கிரம் சூடாகிவிடுகிறது. சட்டத்தின் மேலே நீளமாக ஒரு காற்றுத் துளை இருக்கும், டிரிக்கிள் வென்ட் என்பார்கள். குளிர் வருகிறதென்று அதில் டேப் ஒட்டியிருந்தேன், பிய்த்து எறிந்தேன். இட்லி வேகும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, காற்றை வெளியே தள்ளும் ஃபேனைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுகிறோம். ஆளில்லாத அறைதானே என்று ஹீட்டரை முழுதாக அணைப்பதையும் விட்டோம். மற்ற அறைகளின் நீராவி தேடிப்போய்ப் படிவது அந்தக் குளிர்ந்த அறையில்தான். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம்.

துணிக்கு மட்டும் வேறு வழி தெரியாமல், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் டீஹ்யூமிடிஃபையர் வாங்கினேன். இந்த வீட்டுக்காக நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான். குளியலறையில் துணியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, அதை ஓடவிட்டால் மறுநாள் தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும். ஒன்று கவனியுங்கள்: ஃப்ரிட்ஜ் போல வேலை செய்யும் கம்ப்ரெஸ்ஸர் வகை, ஹீட்டர் இல்லாத குளிர்ந்த அறையில் சரியாக ஈரம் இழுக்காது. அங்கே ஈரமுறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகை நல்லது, மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும்.

ஏற்கெனவே படிந்ததைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிளாஸ்டிக் சட்டம், டைல்ஸ் போன்றவற்றில் ப்ளீச் கலந்த ஸ்ப்ரே நன்றாக வேலை செய்யும். ஆனால் ப்ளீச்சோடு வினிகரையோ வேறு கிளீனரையோ சேர்க்கவே கூடாது. வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா உள்ளவற்றிலும் விஷ வாயு வரும். இடுக்கை அடைக்கப் பூசிய சிலிக்கோன் ஓரத்துக்குள்ளேயே கருப்பு இறங்கிவிட்டால் எதைத் தேய்த்தும் போகாது. வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசுவதுதான் வழி.

இவ்வளவும் செய்து, மீட்டரும் 60க்குக் கீழே நின்று, அப்படியும் சுவர் நனைகிறது என்றால் அது ஓதம், அதாவது வெளியிலிருந்தோ தரையிலிருந்தோ சுவருக்குள் ஏறும் ஈரம். மழைக்குப் பிறகு மட்டும் பெரிதாகும் கறையென்றால் உடைந்த கூரைத் தூம்பையோ செங்கல் பூச்சு விரிசலையோ சந்தேகியுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மங்கலாக இருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். இவற்றை வீட்டு உரிமையாளர்தான் சரிசெய்ய வேண்டும். "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று எங்களுக்கும் ஒரே வரியில் பதில் வந்தது, ஓடாத குளியலறை ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதை லேசாக விடாதீர்கள். ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சணத்தைப் பல மாதம் சுவாசித்து இறந்துபோனது. குழந்தையின் பெயராலேயே வந்த சட்டப்படி, இங்கிலாந்தின் சமூக வீடுகளில் (கவுன்சில் போன்ற அமைப்புகள் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள்) 2025 அக்டோபர் 27 முதல், ஆபத்தான பூஞ்சணம் பற்றிய புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். தனியார் வாடகை வீடானால் உங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சுகாதாரப் பிரிவை வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். உரிமையாளரிடம் போனில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். மீட்டரின் எண் தெரியும்படி படமெடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்புங்கள். எங்கள் குளியலறைக்குப் புது ஃபேன் வந்தது அப்படித்தான்.