பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் போட்டும் குவெரி ஏன் மெதுவாகிறது?

பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்பது குவெரியை ஒருமுறை தயார் செய்து வைத்து, மதிப்புகளை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் ஓட்டுவது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் முதல் 5 முறையும், கொடுத்த மதிப்பைப் பார்த்துத் தனிப் பிளான் (குவெரியை எப்படி ஓட்டுவது என்ற திட்டம்) போடப்படும். அதன்பின், எந்த மதிப்புக்கும் பொதுவாகப் போடும் பொதுப் பிளானின் மதிப்பிட்ட செலவு, தனிப் பிளான்களின் சராசரிச் செலவைவிடக் குறைவென்றால் அதற்கே மாறிவிடும். சிக்கல் இங்கேதான். 99% வரிசைகள் 'முடிந்தது', 1% மட்டும் 'நிலுவை' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்தும் 'முடிந்தது' என்றே வந்தால், பிறகு 'நிலுவை' கேட்கும்போதும் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸை விட்டு முழு டேபிளையும் படிக்கும்.

பிளானைக் காட்டும் எக்ஸ்பிளெயின் எக்ஸிகியூட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஃபில்டரில் மதிப்புக்குப் பதில் $1 தெரிந்தால் அது பொதுப் பிளான். பதிப்பு 12 முதல் பிளான்_கேச்_மோட் அமைப்பை ஃபோர்ஸ்_கஸ்டம்_பிளான் என மாற்றி, எப்போதும் தனிப் பிளானே போட வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பிளானிங் செலவு உண்டு. அந்தக் குவெரி ஓடும் செஷனுக்கு மட்டும் போடுங்கள்.

ஒரே ஒருமுறை ஓடும் குவெரிக்கு பிரிப்பேர் செய்வதில் வேக லாபம் இல்லை. உள்ளீட்டில் கட்டளையை நுழைத்துத் தாக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுக்க மதிப்புகளைப் பாராமீட்டராக அனுப்புவதை மட்டும் எதற்காகவும் கைவிடாதீர்கள்.