பசுமைக்குடில் காற்றில் போனால் காசு திரும்ப வருமா?

ஸ்காட்லாந்தில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. வாங்குவது, திருப்பிக் கொடுப்பது, ஏமாறாமல் இருப்பது என்று பலதும் கேட்டிருக்கிறார்கள். அதிகம் பேர் கேட்டது காற்றைப் பற்றித்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: அபர்டீனில் இருக்கிறோம். ஆள் உள்ளே நின்று வேலை செய்கிற அளவுக்கு, பிளாஸ்டிக் உறை போட்ட பசுமைக்குடில் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். மூன்றாவது வாரமே ஒரு ராத்திரி அடித்த காற்றில் உறை கிழிந்து, கம்பி வளைந்து, எல்லாம் பக்கத்து வீட்டு வேலியில் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. "காற்றால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது" என்கிறார் விற்றவர். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் இல்லை. ஆனால் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். வாரண்டி என்பது அவர்களாகக் கொடுக்கிற வாக்கு, அதில் காற்றை விலக்கலாம், மழையை விலக்கலாம், அது அவர்கள் இஷ்டம். சட்டம் தருகிற உரிமை வேறு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும், எதற்காக விற்கிறார்களோ அதற்கு உதவ வேண்டும். வாரண்டித் தாளில் எதை எழுதினாலும் இதைப் பறிக்க முடியாது. குறையுள்ள பொருளை, கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆகவே போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்காமல் இன்றே மின்னஞ்சல் போடுங்கள்.

இழுபறி வரப்போவது, குறை பொருளிலா நீங்கள் நிறுத்திய விதத்திலா என்பதில்தான். உறையை வெளியே போடாமல் விரித்துப் பாருங்கள். ஜிப் தைத்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையை ஒட்டியே நேராகக் கிழிந்திருந்தாலோ, கம்பிகளைக் கோர்க்கிற பிளாஸ்டிக் இணைப்பு முதலில் உடைந்து அதிலிருந்து மற்றதெல்லாம் சரிந்திருந்தாலோ தரக்குறைவு என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. குடிலைப் பிடித்து நிறுத்தத் தரையில் அடிக்கிற முளைகள் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் "நீங்கள் சரியாக நாட்டவில்லை" என்பார். பெட்டியில் அவர்களே வைத்து அனுப்பிய, பென்சில் கனம்கூட இல்லாத முளைதான் அது, கையேட்டில் சொன்னபடிதான் அடித்தோம் என்றால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். முளையே அடிக்காமல் நாலு செங்கல்லை வைத்திருந்தீர்கள் என்றால், உண்மையைச் சொல்கிறேன், உங்கள் வழக்கு பலவீனம்.

30 நாள் தாண்டியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அதற்கப்புறம் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம், முதல் ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். பல கடைகள் சேர்ந்து விற்கும் தளங்களில் பணம் வேறொருவர் கை வழியாகப் போவதால் சில சமயம் இந்த வழி அடைபட்டுவிடும். எதுவும் நடக்கவில்லையென்றால் ஷெரிஃப் நீதிமன்றத்தில் (ஸ்காட்லாந்தின் உள்ளூர் நீதிமன்றம்) 'சிம்பிள் புரொசீஜர்' என்ற எளிய வழக்கு முறை இருக்கிறது, 5,000 பவுண்டு வரைக்கும், வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் 10,000 என்று சொன்னால் குழம்பாதீர்கள், அது அவர்கள் ஊர்க் கணக்கு.

அடுத்த முறைக்கு ஒன்று. காசு கட்டுவதற்கு முன்னாலேயே "அபர்டீனில், திறந்த வெளியில், காற்று அதிகமுள்ள தோட்டத்தில் வைக்கப் போகிறேன், தாங்குமா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட தேவையை நீங்கள் சொல்லி, அதற்கப்புறமும் அவர் விற்றால், பொருள் அந்தத் தேவைக்கும் பொருந்தியாக வேண்டும். அதே 2015 சட்டத்தின் 10-ஆவது பிரிவு இது. "தாங்கும்" என்று பதில் வந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. மழுப்பினால் அதுவும் நல்ல தகவல்தான், வேறு கடையைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் வாங்குவது? கண்ணாடியா, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் தகடா, வளைவுக் கம்பிமேல் பிளாஸ்டிக் உறை போர்த்திய பாலிடன்னலா?

பதில்: முதலில் வலை வாங்குங்கள். காற்றுத் தடுப்பு வலை என்றே விற்கிறார்கள். கெட்டியான பலகை வேலி போட்டால் காற்று அதன் மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை இன்னும் மோசமாகப் புரட்டும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற வலையோ செடிவேலியோதான் வேலைக்கு ஆகும். தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அதன் பலன் தெரியும், கிட்டத்தில் கூடுதலாக. ஒன்றரை மீட்டர் வலை ஒரு சராசரி வீட்டின் பின்தோட்டத்துக்குத் தாராளம். கம்பங்களை மட்டும் ஆழமாக நடுங்கள், ஏனென்றால் செடி வாங்க வேண்டிய அடியை இனி அதுதான் வாங்கப்போகிறது.

குடிலைப் பொறுத்தவரை, மலிவான அலுமினியச் சட்டத்தில் 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு செருகி வருவதைக் காற்றுள்ள இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தகடு லேசானது, வளையும், ஒரு தகடு கிளிப்பை விட்டுக் கழன்றால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிடும். சாதாரணத் தோட்டக் கண்ணாடி 3 மில்லிமீட்டர்; உடைந்தால் கத்தி மாதிரி நீளத் துண்டுகள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். 4 மில்லிமீட்டர் டஃபன்ட் (உறுதியூட்டிய) கண்ணாடி, ஓரம் முழுக்கப் பட்டை வைத்துப் பிடித்தது, கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டது என்றால் விலை கூடும், ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். பாலிடன்னல் என்றால் உறை 720 கேஜ், அதாவது 180 மைக்ரான், புற ஊதாக் கதிர் தாங்கும் வகை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உறையின் ஓரத்தை அகழி தோண்டி மண்ணுக்குள் புதைப்பது சட்டத்தில் கிளிப் போட்டுப் பிடிப்பதைவிட உறுதி.

ஷெட்லாந்துக்காரர்களைப் பாருங்கள், மரமே அபூர்வமான தீவு, அங்கே அந்தக் காலத்தில் கேல் என்ற கோஸ் வகைக் கீரையின் நாற்றை வட்டமாகக் கல் சுவர் கட்டி அதற்குள் வளர்த்தார்கள். இப்போது அங்கேயே 'பாலிக்ரப்' என்ற குடிலை உருவாக்கி விற்கிறார்கள். சால்மன் பண்ணைகளில் கழித்துப் போட்ட குழாயை வளைத்து, மேலே பாலிகார்பனேட் போட்டது. விலை கொஞ்சம் கடிக்கும். கடலோரத்தில் சொந்த வீடு இருந்தால் யோசிக்கலாம், வாடகை வீடென்றால் வலையும் தாழ்வான மூடியும் போதும்.

கேள்வி: இன்வர்னெஸ். "பிரிட்டன் மெயின்லாந்து முழுக்க இலவச டெலிவரி" என்று போட்டிருந்த கடையில் மண் தொட்டி ஆர்டர் செய்யப் போனால் ஐ.வி. அஞ்சல் குறியீட்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கிறது.

பதில்: இன்வர்னெஸ்ஸைத் தீவு என்று நினைக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. டெலிவரிக் கட்டணத்தை ஆர்டர் உறுதியாவதற்கு முன் சொல்லிவிட்டால் அந்தக் கட்டணத்தை வாங்குவது தப்பில்லை. ஆனால் மெயின்லாந்து முழுக்க இலவசம் என்று விளம்பரம் செய்துவிட்டு ஐ.வி., ஏ.பி., கே.டபிள்யூ. குறியீடுகளை ஓரங்கட்டுவது தவறான விளம்பரம். இரண்டு திரையையும் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், சிலர் உடனே கழித்துக்கொடுப்பார்கள். மசியவில்லையென்றால் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் செய்யலாம், அதற்குச் செலவில்லை.

கேள்வி: கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஊருக்குப் போய் வரும்போது வெண்டை, புடலை, கத்தரி விதை கொண்டுவரலாமா? இங்கே முளைக்குமா?

பதில்: தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் நடவுக்கான விதையை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுவரக் கூடாது, பெட்டியில் ஒரு பொட்டலம் என்றாலும்தான். வெளிநாட்டு விற்பனையாளர்கள் தபாலில் அனுப்புவதற்கும் இதே விதி. "வருகிறது, யாரும் பார்ப்பதில்லை" என்பார்கள். பார்த்தால் பறிபோகும், பணமும் வராது.

அப்புறம், ஜூலையில்கூடப் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊரில் வெளியே வெண்டையும் புடலையும் வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? கத்தரியும் மிளகாயும் குடிலுக்குள் அல்லது வெயில் படும் ஜன்னலில் ஒப்பேறும். நம் சமையலுக்கு வேண்டிய வேறு பல இங்கே ஜோராக வரும்: முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல், கேரட், பட்டாணி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, பாலக். கேல் இலையைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் முருங்கைக்கீரையைத் தேட மாட்டீர்கள். சரி, கொஞ்சம் தேடுவீர்கள்.

கொத்தமல்லிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. குளிர் அதற்குப் பிடிக்கும், ஆனால் ஜூனில் இங்கே பகல் 17 மணி நேரத்துக்கு மேல் நீள்வதால் இலை விடாமல் பூத்துவிடும். முள்ளங்கியும் பாலக்கும் அதே கதை. ஏப்ரலில் ஒருமுறை, ஜூலைக் கடைசியில் மறுமுறை விதையுங்கள். சமையலறை தனியாவை விதைத்தால் முளைக்கும், ஆனால் அது விதைக்காக வளர்த்த ரகம், சீக்கிரம் பூக்கும். இலைக்கென்று விற்கிற 'கலிப்ஸோ' மாதிரி ரகத்துக்குக் காசு கொடுப்பது வீணில்லை. வெந்தயத்துக்கு மளிகைக்கடை வெந்தயமே போதும், தனிப் பொட்டலம் வாங்காதீர்கள். பொட்டலத்தில் அச்சிட்ட விதைப்பு மாதம் பெரும்பாலும் தென் இங்கிலாந்தை மனதில் வைத்துப் போட்டது, இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் உருளைக்கிழங்கு முளைவிட்டிருக்கிறது. அதையே நடலாமே, விதைக்கிழங்கு எதற்கு?

பதில்: காய்க்கும். ஆனால் வைரஸும் நூற்புழுவும் அதோடு உங்கள் மண்ணுக்கு வந்தால் சுலபத்தில் போகாது. விதைக்கிழங்குக்குப் பேர்போன நாட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆபத்து எதற்கு? சான்று பெற்ற கிழங்காக, கருகல் நோய் பயமிருந்தால் 'சார்போ மிரா' ரகமாக வாங்குங்கள்.

கேள்வி: பீட் (சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கிற மக்கு) இல்லாத கம்போஸ்ட் வாங்கினேன். விதை பாதிதான் முளைத்தது, முளைத்த அவரையும் இலை சுருண்டு கிடக்கிறது. கடையில் கேட்டால் உரம் போதவில்லை என்கிறார்கள்.

பதில்: பீட் இல்லாத கம்போஸ்ட் என்றால் மரநார், மக்கிய தோட்டக் கழிவு, தென்னைநார்த் தூள் இவற்றின் கலவை. தென்னைநார் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறது, பொள்ளாச்சித் தூளை எடின்பரோவில் பவுண்டு கொடுத்து வாங்குகிறோம். மேல்பக்கம் காய்ந்து அடியில் ஈரமாகவே இருக்கும், விரலை விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினால் விதை அழுகிவிடும். விதைக்கு 'பல்நோக்கு' மூட்டை வேண்டாம், விதைப்புக்கென்று வரும் மூட்டை வாங்குங்கள்.

அவரை இலை கிண்ணம் போலச் சுருண்டு, நுனி முறுக்கிக்கொண்டிருந்தால் களைக்கொல்லி எச்சம் என்று சந்தேகிக்கலாம். அவரைக் குடும்பம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதே மூட்டை மண்ணில் ஒரு தொட்டி, வேறு மூட்டையில் ஒரு தொட்டி, இரண்டிலும் அவரை விதை போட்டு ஒரே ஜன்னலில் வையுங்கள். ஒன்று மட்டும் சுருண்டால் படத்தோடும் மூட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணோடும் கடைக்குப் போங்கள், மூட்டைக் காசோடு செத்த செடிகளின் காசையும் கேளுங்கள். இந்தக் காரணத்துக்காகவே காலி மூட்டையைச் சீசன் முடியும்வரை தூக்கி எறியக் கூடாது.

கேள்வி: தபாலில் வந்த நாற்று வாடிப்போய் வந்தது. "செடிகளுக்கு 14 நாள் ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள்.

பதில்: மனம் மாறித் திருப்பிக் கொடுக்கிற அந்த 14 நாள் உரிமை சீக்கிரம் கெடுகிற பொருளுக்கு இல்லை, அது சரி. குறையோடு வந்த பொருளுக்கு மேலே சொன்ன நுகர்வோர் உரிமைகள் சட்டம் தருகிற உரிமை செடிக்கும் உண்டு. பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுங்கள், மறுநாள் எடுத்தால் "நீங்கள் தண்ணீர் விடவில்லை" என்பார்கள்.

கேள்வி: பழைய நத்தைக்கொல்லி நீலக் குருணை டப்பா இருக்கிறது, போடலாமா?

பதில்: 'மெட்டல்டிஹைடு' என்று எழுதியிருந்தால் கூடாது, 2022 மார்ச் 31-க்குப் பிறகு வெளியில் பயன்படுத்தத் தடை. குப்பையில் போடாமல் கவுன்சிலின் கழிவு மையத்தில் கொடுங்கள். 'ஃபெரிக் பாஸ்பேட்' வகை அனுமதிக்கப்பட்டது, அதுவும் நீலமாகத்தான் இருக்கும், எழுத்தைப் படியுங்கள்.

கேள்வி: எடின்பரோவில் மூன்றாவது மாடி ஃபிளாட். காய்கறி போடக் கவுன்சில் வாடகைக்குத் தருகிற நிலம் ('அலாட்மென்ட்') வேண்டும், வரிசை நீளம் என்கிறார்கள்.

பதில்: நீளம்தான். ஆனால் 2015-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சமூக அதிகாரமளிப்புச் சட்டம், காத்திருப்புப் பட்டியலில் யாரும் ஐந்து வருடத்துக்கு மேல் நிற்காதபடி நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கவுன்சிலுக்குச் சொல்கிறது. முழு மனை 250 சதுர மீட்டர், முதல் தடவைக்காரருக்கு அது முதுகை ஒடிக்கும், விண்ணப்பத்திலேயே சிறிய மனை போதும் என்று எழுதுங்கள். எழுத்தில் விண்ணப்பித்து, பெயர் ஏறிய தேதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.