வாசகர் கேள்வி – பதில்: காவல் துறையும் மக்கள் நம்பிக்கையும்

கேள்வி: எங்கள் ஊர்க் காவல் நிலையச் சுவரில் ‘காவல் துறை உங்கள் நண்பன்’ என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். பெயர், சின்னம், வாசகம் ஆகியவற்றை மாற்றியதால் ஒரு காவல் துறை மக்களின் நம்பிக்கையைப் பெற்ற வரலாறு எங்காவது உண்டா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்

பதில்: உண்டு. ஆனால் அங்கே மாறியது பெயரும் சின்னமும் மட்டுமாக இருந்திருந்தால் அந்த வரலாறு இன்று பேசப்பட்டிருக்காது. நான் குறிப்பிடுவது பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தை.

1922 முதல் அங்கே ‘ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி’ என்ற காவல் படை இருந்தது. மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கத்தோலிக்கர்கள் இருந்தும், 1990களின் இறுதியில் அந்தப் படையில் அவர்கள் ஏறத்தாழ 8 சதவீதம் மட்டுமே. கத்தோலிக்கக் குடியிருப்புகளில் பலர் அதைத் தங்களுக்கான காவல் துறையாகவே கருதவில்லை. மறுபக்கம், பிரிட்டனோடு நீடிக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளான தரப்புக்கும், அயர்லாந்தோடு இணைய விரும்பிய, பெரும்பாலும் கத்தோலிக்கரான தரப்புக்கும் இடையே நடந்த முப்பதாண்டு மோதலில் அந்தப் படையைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். 1998இல் அமைதி உடன்பாடு கையெழுத்தானபோது காவல் துறையை என்ன செய்வது என்பதில் ஒருமித்த முடிவு எட்டப்படாததால், ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த கிறிஸ் பாட்டன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1999 செப்டம்பரில் வெளிவந்த அதன் அறிக்கையில் 175 பரிந்துரைகள் இருந்தன.

பெயரையும் சின்னத்தையும் மாற்றச் சொன்ன பரிந்துரைகளுக்குத்தான் மிகப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பணியில் உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் அதைத் தங்கள் துயரத்துக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டன. அந்த வலியைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் 2001 நவம்பர் 4ஆம் தேதி அது ‘வட அயர்லாந்து காவல் சேவை’ ஆனது. பழைய சின்னத்தில் அயர்லாந்தின் அடையாளமான யாழின் மேல் பிரிட்டிஷ் கிரீடம் அமர்ந்திருக்கும். புதிய சின்னத்தில் புனித பேட்ரிக்கின் சிலுவையைச் சுற்றித் தராசு, கிரீடம், யாழ், தீப்பந்தம், ஒலிவக் கிளை, ஷாம்ராக் இலை என்று ஆறு அடையாளங்கள் அருகருகே இடம்பெற்றன. இரு தரப்பினரும் தங்களுக்குரியதை அதில் காணலாம்; ஒன்றின் தலைமேல் இன்னொன்று இருக்காது. இந்த வடிவத்தை விளம்பர நிறுவனமோ காவல் தலைமையகமோ தன்னிச்சையாக முடிவு செய்துவிடவில்லை. எதிரெதிர்க் கட்சிகளின் பிரதிநிதிகள் சேர்ந்து அமர்ந்து காவல் துறையை மேற்பார்வையிடும் காவல் வாரியம்தான் அதற்கு ஒப்புதல் அளித்தது.

நம்பிக்கையைக் கொண்டுவந்தவை இவற்றோடு சேர்ந்து நடந்த வேறு சில காரியங்கள் என்பது என் உறுதியான எண்ணம். புதிதாகச் சேர்க்கப்படுவோரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற விதி 2001 முதல் 2011 வரை நடைமுறையில் இருந்தது. அந்தப் பத்தாண்டுகளில் அவர்களின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதத்தை எட்டியது. காவலர்கள் மீதான புகார்களைக் காவல் துறையே விசாரிக்கும் வழக்கம் ஒழிந்தது. தனக்கென்று புலனாய்வாளர்களைக் கொண்ட குறைதீர் அதிகாரி பதவி உருவாக்கப்பட்டு, நூலா ஓலோன் அதன் முதல் பொறுப்பாளரானார். பெயர் மாறி ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 29 பேரைப் பலிகொண்ட 1998ஆம் ஆண்டு ஓமா குண்டுவெடிப்பு பற்றிய தம் அறிக்கையை அவர் வெளியிட்டார். முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைத் தகவல்களைக் கையாண்டதிலும், பிறகு நடந்த புலன் விசாரணையிலும் காவல் துறை கடுமையாகத் தவறியிருந்தது என்று அது சொன்னது. தலைமைக் காவல் அதிகாரி கொதித்தெழுந்து மறுத்தார்; அப்படியும் அறிக்கை மக்கள் கையில் இருந்தது. காவல் துறையையே கேள்வி கேட்கும் ஓர் அலுவலகம் உண்மையில் இயங்குகிறது என்பதைப் பொதுமக்கள் கண்ணால் கண்ட தருணம் அது. காவல் வாரியத்தை நெடுநாள் புறக்கணித்து வந்த, அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்று கோரும் சின் ஃபெயின் கட்சி, 2007 ஜனவரியில்தான் காவல் துறையை ஏற்க வாக்களித்தது. சின்னம் வந்த பிறகும் ஐந்தாண்டுக் காத்திருப்பு தேவைப்பட்டிருக்கிறது. பாதிப் பங்கு விதி முடிந்த பின் கத்தோலிக்கரின் விகிதம் பெரிதாக உயரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரு சம்பவம் நடந்தவுடன் காவல் துறை வெளியிடும் முதல் அறிக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டுமா? விசாரணை முடிந்த பின் பேசினால் போதாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதன் கனம் எனக்குப் புரிகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டதால் காயம்பட்டதாகக் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை சொன்னது. பின்னர் வெளியான கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் அதற்கு முரணாக இருந்தன. 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கி, மக்களையும் காவல் துறையையும் நெருக்கமாக்கவென்றே வளர்க்கப்பட்ட ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்புக்கு, அச்சம்பவத்தைத் தொடர்ந்து எழுந்த குற்றச்சாட்டுகளால் அடுத்த மாதமே தமிழகத்தில் தடை வந்தது. கால் நூற்றாண்டு உழைப்பு சில வாரங்களில் சரிந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே 25ஆம் தேதி, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டு இறந்தார். அன்றிரவு அந்நகரக் காவல் துறை வெளியிட்ட செய்திக் குறிப்பின் தலைப்பு, காவலர்களுடனான நிகழ்வின்போது உடல்நலப் பாதிப்பால் ஒருவர் இறந்ததாக மட்டும் கூறியது. கழுத்தின் மேல் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் அழுத்திக்கொண்டிருந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வழியில் நின்ற 17 வயதுப் பெண் எடுத்த காணொளி இல்லாமற்போயிருந்தால் அந்தக் குறிப்பே வரலாறாகப் பதிவாகியிருக்கும். அதன் ஒவ்வொரு வாக்கியமும் கவனத்தோடு எழுதப்பட்டது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு வணிக வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நகரெங்கும் சுடுகிறார்கள் என்ற வதந்தி பரவி மக்கள் சிதறி ஓடினார்கள். காவல் துறை ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி ஆகிய மொழிகளில் ட்விட்டரில் தொடர்ந்து தகவல் தந்தது. செய்தித் தொடர்பாளர் மார்கஸ் ட க்ளோரியா மார்ட்டின்ஸ், உறுதியானதை மட்டும் உறுதியாகச் சொல்லி, மற்றவற்றைத் தமக்கு இன்னும் தெரியாது என்று நிதானமாகக் கூறினார். கேமராக்களுக்கு முன் ஒரு காவல் அதிகாரி ‘தெரியாது’ என்று சொன்னது அவருடைய மதிப்பைக் கூட்டவே செய்தது. விசாரணை முடியும்வரை காத்திருங்கள். ஆனால் அதுவரை பொய்யைச் சொல்லாதீர்கள் என்பதே துறைகளிடம் நாம் கேட்க வேண்டியது.

கேள்வி: காவல் துறை மீம்ஸ், ரீல்ஸ் போடுவதால் பயன் உண்டா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: எச்சரிக்கை செய்ய உண்டு. கேரளக் காவல் துறையின் முகநூல் பக்கம் மீம்ஸ்களாலேயே பத்து லட்சத்துக்கும் அதிகமானோரை ஈர்த்தது. இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்ற செய்தி இளைஞர்களிடம் சேர இதைவிட எளிய வழி இல்லை. நற்பெயர் தேடுவது வேறு. 2014இல் நியூயார்க் காவல் துறை, காவலர்களோடு எடுத்த படங்களைப் பகிருமாறு மக்களைக் கேட்டது. வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை அடிபட்டவர்களின் படங்கள்.

கேள்வி: பணமே செலவழிக்காமல் ஒரு காவல் நிலையம் நாளைக்கே செய்யக்கூடியது என்ன?
– வாசகர், விழுப்புரம்

பதில்: மனுவுக்கு ரசீது கொடுப்பது. நிலைய எழுத்தரின் மேசைக்கு முன் வெள்ளைத்தாளில் எழுதிய மனுவோடு ஒருவர் நிற்கிறார். “அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, நாளைக்கு வாங்க” என்கிறார்கள். மறுநாள் வந்தால் வேறொரு எழுத்தர் இருக்கிறார். மனு எங்கே என்று அவருக்குத் தெரியாது. எந்தச் சுவர் வாசகத்தாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு இங்கேதான் நிகழ்கிறது. சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மனு ரசீதைத் தேதியும் எண்ணும் இட்டு அப்போதே கையில் கொடுத்தால், வந்தவர் தம் பேச்சு பதிவாகியிருக்கிறது என்ற தெளிவோடு வீடு திரும்புவார்.

ஆனால் சி.எஸ்.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கைக்கு மாற்று ஆகிவிடாது. பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் நடந்திருப்பது மனுவிலேயே தெரிந்தால், வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பதிய மறுத்தால் மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன் பின் நீதித்துறை நடுவரை அணுகலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிலையத்திலிருந்து அந்தத் தகவல் வரவில்லையென்றால், வழக்கின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.