நாலடியிலிருந்து இரண்டரை அடிக்கு: மீன் தொட்டி கேள்வி – பதில்

கேள்வி: நங்கநல்லூரில் தனி வீட்டில் பதினோரு வருஷமாக நாலடி பிளான்டட் டேங்க் (செடிகள் வளர்க்கும் மீன் தொட்டி) வைத்திருக்கிறேன். வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டோம். அடுத்த மாதம் பெரும்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் போகிறோம். எனக்கு 67 வயது, முட்டி வலி, முன்போல வாளி தூக்க முடியவில்லை. "எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடுங்க" என்கிறார் மனைவி. எனக்கு மனசு வரவில்லை. ரெண்டடி தொட்டியாகக் குறைத்துக்கொள்ளலாமா? இப்போது ஏஞ்சல் 2, ரம்மி நோஸ் டெட்ரா 12, சில்வர் ஷார்க் 1, சக்கர் 1 இருக்கின்றன. செடிகள் காடு மாதிரி மண்டிக்கிடக்கின்றன.
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: கொடுத்துவிடாதீர்கள் சார். பதினோரு வருஷம் ஓடிய தொட்டி, அதைச் சின்னதாக்கி உங்களோடு கூட்டிக்கொண்டு போக முடியும். ஆனால் ரெண்டடி, மூன்றடி என்று கண்ணாடிக் கணக்கில் ஆரம்பிக்காதீர்கள். எந்த மீன் உங்களோடு வரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள், தொட்டியின் அளவு தானாகத் தெரிந்துவிடும்.

சில்வர் ஷார்க் ஓரடி வளர்கிற மீன், கூட்டமாக இருக்க வேண்டியதும்கூட. சக்கரும் ஓரடியைத் தாண்டும். இரண்டுக்கும் நாலடியே பற்றாது, இனி வரப்போகிற தொட்டியில் நிச்சயமாக இடமில்லை. கொளத்தூர் பக்கம் பெரிய தொட்டி வைத்திருக்கும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், காசு எதிர்பார்க்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், பள்ளிக்கரணையிலோ போகிற வழியில் ஏதாவது ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். "பாவம், சுதந்திரமாக இருக்கட்டும்" என்று நல்ல மனதோடு விட்டவர்களால்தான் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் இன்று நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. முள்ளும் கவசமுமாக அது வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, சமைக்க விலைபோவதும் இல்லை. வலை போடுகிறவர் வயிற்றில் அடிக்கிற காரியம் அது. செடிகளுக்கும் இதேதான். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான் என்பதை மறக்க வேண்டாம். வெட்டிப் போடுகிற செடியை நன்றாக வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், வடிகாலில் போடாதீர்கள்.

இப்போது ஏஞ்சலும் டெட்ராவும். ரெண்டுக்கு ஒன்றுக்கு ஒன்றேகால் அடி தொட்டி சுமார் 70 லிட்டர்தான் பிடிக்கும். டெட்ராவுக்கு அது போதும், வளர்ந்த ஏஞ்சலுக்கு அது கூண்டு. ஏஞ்சலை வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வாங்குங்கள். சுமார் 130 லிட்டர் வரும். உங்கள் பழைய நாலடித் தொட்டி ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் 255 லிட்டர், அதில் பாதி இது. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற அங்கே நாலு வாளி தூக்கியிருப்பீர்கள், இங்கே இரண்டு. அந்த இரண்டையும் நீங்கள் தூக்க வேண்டாம். தொட்டியை இடுப்பு உயரத்தில், பாத்ரூம் பக்கத்துச் சுவரில் வையுங்கள். வெளியேற்ற ஒரு நீளக் குழாய், உள்ளே ஏற்ற வாளிக்குள் போடும் சின்ன பம்ப், வேலை முடிந்தது. குனிவது, தூக்குவது இரண்டையும் ஒழித்துவிட்டால் முட்டி வலியோடு தாராளமாகத் தொட்டி வைத்திருக்கலாம். என் கணிப்பில் உங்களுக்கு ரெண்டடியைவிட இதுதான் சுலபம். தண்ணீர் குறையக் குறைய வேலை குறையும் என்று எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் சின்னத் தொட்டியில் ஒரு செத்த நத்தைகூட ஒரே ராத்திரியில் தண்ணீரைக் கெடுத்துவிடும். பெரிய தொட்டி நம் தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

செடிகளில் கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வளர்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் என்கிற பாசி. அப்படியே கட்டையோடு தூக்கி வைக்கலாம். மண்ணில் நடும் கிரிப்டோ செடி பிடித்தால் நாலைந்து வேர். வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வார்ட் எல்லாம் வேண்டாம், மாதாமாதம் கத்திரிக்கோலோடு உட்கார வைத்துவிடும். அனுபியாஸின் கிழங்குத் தண்டை மட்டும் மணலுக்குள் புதைக்காதீர்கள், கனிந்த வாழைப்பழம் போல நசநசவென்று அழுகிவிடும்.

அப்புறம், இடம் மாற்றும் நாள். இங்கேதான் பலர் மீனை இழக்கிறார்கள். "பழைய தண்ணீரை எல்லாம் எடுத்துப் போனால் போதும்" என்று நினைக்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தண்ணீரில் அதிகம் இல்லை, ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் தொட்டியில் காப்பாற்ற வேண்டிய முதல் பொருள் அந்த அழுக்குப் பஞ்சுதான். அதைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், குளோரின் பட்டால் அந்த உயிர் போய்விடும். தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து, மூடாத வாளியில் தொட்டித் தண்ணீரோடு போட்டு, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஓடவிட்டுக் கொண்டுபோங்கள். அதற்கும் மூச்சு வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் கரன்ட் இல்லை. நாலு நாளும் சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி எல்லா மீன்களையும் காப்பாற்றிவிட்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி கரன்ட் வந்தது. மூடிக்கிடந்த கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) தானாக ஓட ஆரம்பித்தது, ஹால் முழுக்க அழுகின முட்டை நாற்றம், குழாயிலிருந்து கறுப்பாக ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பாக்டீரியா காற்றில்லாமல் செத்து அழுகியிருக்கிறது, அந்தத் தண்ணீர் மொத்தமும் மீன்கள் மேல் போய்விட்டது. விடிவதற்குள் ஒன்பது மீன்கள் போய்விட்டன. சில மணி நேரம் நின்ற கேனிஸ்டரைக் கழற்றிப் பார்க்காமல் ஓடவிடவே கூடாது என்று அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மீனுக்குத் தீனி போடாதீர்கள், வழியில் கழிவு குறையும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கவரில் போட்டுவிடலாம். பழைய கிராவலைக் கிளறும்போது அடியில் பதினோரு வருஷத்துச் சகதி எழும், எனவே மீன்களை எடுத்த பிறகே அதில் கை வையுங்கள். நன்றாக அலசி கொஞ்சம் மட்டும் கொண்டுபோங்கள். தொட்டியைத் தண்ணீரோடு, பாதித் தண்ணீரோடுகூட, தூக்கவே தூக்காதீர்கள், சிலிக்கான் விட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. பழைய தொட்டிகளில் வருஷக்கணக்கில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) மெல்ல இறங்கியிருக்கும். அங்கே தீங்கில்லாத அம்மோனியமாகக் கிடப்பது, பிஎச் 8 உள்ள போர்வெல் தண்ணீர் பட்டதும் விஷ அம்மோனியாவாக மாறும். அதனால் போவதற்கு முந்தைய மூன்று நாலு வாரம் இப்போது மாற்றுவதைவிடக் கொஞ்சம் அடிக்கடி, சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டே வாருங்கள். முடிந்தால் புது வீட்டுத் தண்ணீரையே ஒரு கேனில் பிடித்துவந்து கலந்து பழக்குங்கள்.

கேள்வி: எங்கள் ரெண்டடி தொட்டியில் செடி நிறைய இருக்கிறது. மே மாதம் வந்தால் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பத்து மணிக்குமேல் சரியாகிவிடுகிறது. ஐஸ் போடலாமா?
– வாசகி, கே.கே. நகர்

பதில்: நேரத்தைச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், விடையும் அதில்தான் இருக்கிறது. செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் மீனைப் போலவே அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு மெல்ல ஏறும். அதோடு வெயில் வேறு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 33 டிகிரியில் 7 சொச்சம்தான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது.

ஐஸ் வேண்டாம், சட்டென்று ஏறி இறங்கும் சூடு மீனை இன்னும் வதைக்கும். ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். செடிக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் விளக்கு அணையும்போது அதையும் கட்டாயம் மூடுங்கள். மூடியை எடுத்துவிட்டு, குதித்துவிடாமல் வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்மேல் சாய்வாகத் திருப்பி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் புழுக்கம் அதிகமான நாளில் அவ்வளவு இறங்காது, பானைத் தண்ணீர் அன்றைக்குக் குளிராதது மாதிரிதான். ஃபேன் போட்டால் தண்ணீர் வேகமாக வற்றும், வற்றிய அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு கோடைக்குள் தொட்டி உப்பாகிவிடும். மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் அடுத்த மார்ச்சுக்குள் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மேடவாக்கத்தில் அப்பார்ட்மென்ட். போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1000 காட்டுகிறது. சாஃப்ட்னர் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் டிடிஎஸ் குறையவில்லை. செடி எதுவும் நிற்கவில்லை.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: சாஃப்ட்னர் உப்பைக் குறைக்காது, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். பக்கெட்டில் உப்புக்கறை படியாது, துணி துவைக்கும்போது சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் செடிக்கு வேண்டியது போய் வேண்டாதது வந்துவிடுகிறது. உங்கள் பிளம்பரிடம் கேட்டு, சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் டிடிஎஸ் 270 போல நிற்கும், பெரும்பாலான செடிக்கும் மீனுக்கும் அது நல்ல அளவு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று தொட்டியில் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் திரண்டிருக்கும். கலக்கவே முடியாதென்றால் கப்பி, மோலி வையுங்கள், அவை கடினத் தண்ணீரை விரும்புகிறவை. மெட்ரோ வாட்டர் வந்தால் இன்னும் நல்லது, ஆன்ட்டி குளோரின் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பெரிய தொட்டியிலிருந்து கிரிப்டோ செடிகளைச் சின்னத் தொட்டிக்கு மாற்றி நட்டேன். ஐந்தே நாளில் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்துபோய்விட்டது. பிடுங்கிப் போட்டுவிடட்டுமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: பிடுங்காதீர்கள்! கிரிப்டோவுக்கு இடம் மாறினால் இப்படித்தான். கரைந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள், விட்டால் தண்ணீர் கெடும். வேர் உயிரோடு இருக்கிறது, சில வாரத்தில் சுருட்டிய புது இலை மண்ணை முட்டிக்கொண்டு வரும். அதுவரை இடத்தை மாற்றாமல் விடுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் நண்பர்களோடு வாடகை ரூமில் இருக்கிறேன். பெரிய தொட்டி முடியாது. ஃபைட்டர் மீனுக்கு பாட்டில் போதும் என்று கடையில் சொன்னார்கள், சரியா அண்ணா?
– கல்லூரி மாணவர், வேளச்சேரி

பதில்: போதாது தம்பி. ஃபைட்டர் மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும், அதனால் பாட்டிலில் உடனே சாகாது, அவ்வளவுதான். அதன் கழிவு அந்த அரை லிட்டர் தண்ணீரிலேயே அதைச் சுற்றி நிற்கிறது. 20 லிட்டர் பிடிக்கிற சின்னத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு அனுபியாஸ், தலைக்குமேல் கொஞ்சம் மிதக்கும் செடி. மேஜை ஓரத்தில் அடங்கிவிடும். தனியாக வை, இன்னொரு ஆண் ஃபைட்டர் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பாக்டீரியா குடியேறும்படி, தொட்டியை ஓடவிட்டு நாலைந்து வாரம் கழித்து மீன் வாங்கினால் நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால், மீன் வளர்க்கிற நண்பர் யாரிடமாவது அந்தப் பாக்டீரியா ஏறிய, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி வை.

கேள்வி: மீன்களைக் கொடுத்தாகிவிட்டது. காலியான மூன்றடித் தொட்டியை மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம், திரும்ப எப்போதாவது வைக்கலாம் என்று. பரவாயில்லையா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தால் சிலிக்கான் நம்பிக்கைக்கு உகந்ததாக இருக்காது, மழைக்காலத்தில் அதில் நாலு விரல் தண்ணீர் தேங்கினாலே டெங்கு கொசுவுக்கு அது போதும். இன்றைக்கே கீழே இறக்கி, துடைத்து, அடியில் தெர்மகோல் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். மறுபடி ஆரம்பிக்கும்போது பால்கனியில் வைத்து முழுக்கத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டு, கசிகிறதா என்று மூலைகளைக் காய்ந்த விரலால் தடவிப் பார்த்த பிறகு வீட்டுக்குள் கொண்டுபோங்கள்.