சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறேன். நகரத்தைத் தாண்டும்வரை பஸ்ஸில் போனால் தப்பா?

தப்பில்லை. ஆனால் உடன் நடப்பவர்களிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். சொல்லாமல் ஏறி, "கண்டக்டர்" என்று பட்டப்பெயர் வாங்கியவன் சொல்கிறேன்.

நீங்களும் என்னைப்போல நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், இதுதான் முதல் வருடம், "உன்னால முடியுமா" என்று வீட்டில் சிரித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

2014 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராயப்புரத்தில் காலைப் பூசை முடித்து எங்கள் அன்பியத்து (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் குழு) ஆட்கள் இருபது பேர் கிளம்பினோம். 29ஆம் தேதி திருவிழாக் கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முன்னால் மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டி, பின்னால் அரிசி, பாத்திரம், பாய் ஏற்றிய குட்டியானை வண்டி. எல்லோரும் காவி. மற்றவர்கள் வெறுங்கால் அல்லது செருப்பு. நான் மட்டும் புது ஷூ.

பீச் ஸ்டேஷன், நேப்பியர் பாலம் வரை ஒன்றும் தெரியவில்லை. கலங்கரை விளக்கம் வருவதற்குள் குதிகாலில் கொப்புளம். சாந்தோமில் பூசைக்கு வந்த கூட்டத்துக்குள் வண்டியைத் தள்ளவே அரை மணி நேரம். அடையாறு சிக்னலில் பைக்கில் நின்றவர் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்து, "சார், நீங்களா? என்ன இந்தக் கோலம்?" என்றார். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர். நகரத்துக்குள் நடப்பதில் வெயிலையும் புகையையும்விட இதுதான் கஷ்டம். கோவளம் தாண்டினால் நீங்கள் யாரோ. "மரியே வாழ்க" என்று மோர் கொடுப்பார்கள், பேர்கூடக் கேட்க மாட்டார்கள். சென்னைக்குள் அப்படியில்லை. தெரிந்த முகம் வரும், வீட்டுக்குப் போகிற பஸ் உரசிக்கொண்டே போகும். மூன்று மணி நேரம் நடந்த தூரத்தை அரை மணியில் திரும்பிவிடலாம் என்று கால் கணக்குப் போடும்.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் மதியச் சாப்பாடு. எல்லோரும் கண்ணயர்ந்ததும் தலைவர் அண்ணனிடம், "மெதுவா முன்னாடி நடந்துக்கிட்டிருக்கேன்ணே" என்றேன். திருவான்மியூர் வரை நடந்தது உண்மை. அங்கே கோவளம் பஸ் நின்றது. ஜன்னலோர இடம் வேறு.

கோவளம் கார்மேல் மாதா கோயில் வாசலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரவு பத்தரைக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் என் தோளில் கை போட்டு, "பார்த்தீங்களாடா, புது ஆளு, நமக்கு முன்னாடி வந்து நிக்கிறாரு" என்று பையன்களைத் திட்டினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மறுநாள் மாமல்லபுரத்தில் சட்டையைத் துவைக்க எடுத்த அக்கா, பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் படித்தார்.

மிச்சமிருந்த நாளெல்லாம், "கண்டக்டர், அடுத்த ஸ்டாப்பிங் எது?" இன்றைக்கும் அண்ணன் போன் செய்தால் அதேதான்.

"எங்க பாட்டி எழுபது வயதில் செருப்பில்லாமல் நடந்தார்" என்று கமெண்டில் வருவீர்கள். பாட்டிக்கு என் வணக்கம். நான் பக்தியை அளக்க வரவில்லை. நேர்த்திக்கடன் என்று நேர்ந்திருந்தால் உங்கள் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். அதில் ராயப்புரம் முதல் திருவான்மியூர் வரை 15, 20 கிலோமீட்டர்தான் இருக்கும். அதை விட்டால் மாதா கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் அடுத்த வருடத்திலிருந்து நான் எங்கேயும் பஸ் ஏறுவதில்லை. நேரத்தை மட்டும் மாற்றிவிட்டோம். ஞாயிறு இரவு தூங்கி எழுந்து, ஒரு மணிக்குக் கிளம்புகிறோம். காமராஜர் சாலையில் கடல்காற்றும் நாய்களும்தான். நாலரைக்குப் பெசன்ட் நகர், ஆபீஸ் வண்டிகள் கிளம்புவதற்குள் நீலாங்கரை. சனிக்கிழமை இரவு மட்டும் வேண்டவே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ரேஸ் விடுகிறவர்களும் குடித்துவிட்டு கார் ஓட்டுகிறவர்களும் அன்றைக்குத்தான் அதிகம். உங்களுடன் பெண்கள் வந்தால் கழிப்பறை எங்கே என்பதை முதல் நாளே ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடுங்கள். நடு ராத்திரியில் பாதி பூட்டியிருக்கும். பழகின செருப்பு போதும். முதுகில் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டுங்கள்.

விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நல்லதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மூணாறு போகிறேன் என்று மச்சான் வாங்கிப் போய் இரண்டு வருடமாகிறது. கேட்டால், "அது எப்பவோ கொடுத்துட்டேனே மாமா" என்கிறான். கொடுக்கவில்லை. அவனும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறான், படிக்கட்டும்.

இன்னொன்று. திருவான்மியூரில் டீ குடித்தால் நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் நேர் எதிரில் கோவளம் பஸ் நிற்கும்.